சுவாமி மலையடியில் சுழியோடுவது பற்றி: "அங்கே வெறும் பாறைதானே?"

"ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சுழியோடிச் சான்றிதழ் இருக்கிறது, இதுவரை எட்டு டைவ் செய்திருக்கிறேன். ஜூலையில் திருகோணமலைக்கு வருகிறேன். கடலுக்கென்று ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். கோணேசர் கோவிலுக்குக் கீழே, சுவாமி மலையடியில் இறங்க ஆசை. ஆனால் அங்கே பவளம் பெரிதாக இல்லை, வெறும் பாறைதான், புறாமலைத் தீவுக்கே போ என்கிறார் நண்பர். எதைத் தேர்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவாமி மலைக்குப் போங்கள். காலையில் போங்கள். கடல் இடங்கொடுத்தால் மட்டும் போங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். "வெறும் பாறைதான்" என்ற பேச்சை இந்த இடத்தைப் பற்றிப் பல தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் மனம் நோகிறது. அப்படிச் சொல்பவர்களில் பலர் அங்கே இறங்காதவர்கள் அல்லர். இறங்கி, நாற்பது நிமிடம் கெதியாக நீந்திக் கடந்து, ஏறி வந்தவர்கள்.

பவளத்திட்டு தேர்த்திருவிழா போல. எல்லாம் வீதியில் இருக்கும், நீங்கள் போனாலே போதும், நிறமும் கூட்டமும் தானாகக் கண்ணில் படும். பாறைக் கடல் அப்படி அல்ல. அங்கே எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து உள்ளே பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இறங்குவதால்தான் ஆட்கள் ஏமாந்து வருகிறார்கள்.

அந்த வீடுகள் இங்கே ஏன் இவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. கடற்பஞ்சு, கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்), மட்டி, மென்பவளம் எல்லாம் பிறந்த புதிதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோடு மிதந்து திரியும். பிறகு ஒட்டிக்கொள்ள உறுதியான ஓர் இடம் தேடும். மணலில் அது கிடைக்காது, அலை புரட்டிவிடும். பக்கத்துக் கொட்டியாரக்குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவலி கங்கை கடலில் சேருவது அங்கேதான், அதனோடு மணலும் சேறும் வந்து படிகின்றன. அப்படியான கடலின் ஓரத்தில், நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் ஒரு மலை தன் அடிவாரத்தை நீருக்குள் இறக்கி, வீடளவு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருந்தால், ஒட்டிக்கொள்ள இடம் தேடும் உயிர்கள் வேறு எங்கே போகும்?

அதோடு திருகோணமலைக்கு இன்னொரு தனித்தன்மை. துறைமுகத்துக்கு மிகக் கிட்டவே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீட்டரைத் தாண்டிய ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இந்தக் கரையோரம் தென்படுவது அதனால்தான். ஆழ்கடல் வாசலிலேயே இருப்பதால் நீரோட்டம் சுவாமி மலை முனையை உரசிக்கொண்டு போகிறது, இரையும் அதனோடு வருகிறது. வெளி முனையில் சிறு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்துத் தலை நீட்டி நிற்பதையும், அவற்றின் மேல் பாரை மீன்கள் திடீரென்று விழுவதையும் காணலாம். அந்த நேரம் முழுக் கூட்டமும் ஒரே உடம்பாகத் திரும்பும்.

இனி உள்ளே இறங்குவோம். மேல் ஐந்தாறு மீட்டர் அலையின் ஆட்சி. பாறை வழுவழுப்பாக, பாசியும் கொட்டலசும் மட்டும் ஒட்டியிருக்கும். நண்பர் "வெறும் பாறை" என்று சொன்னது இந்தப் பகுதியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் இடம் வரும். அந்தக் கற்களின் மேற்புறத்தைப் பார்க்காதீர்கள், அடிப்புறத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத குடைவுகளின் கூரையில் கிண்ணம் போன்ற செம்மஞ்சள் பவளங்கள் ஒட்டியிருக்கும். மற்றப் பவளங்கள் தம் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதைத் தின்று வாழ்பவை. இவற்றுக்கு அந்தப் பாசி கிடையாது. வருவதைக் கையால் பிடித்துத் தின்பவை, ஆகவே இருட்டே போதும். பாறைக் கடலில் பவளம் இல்லை என்பவர்கள் பவளத்தை வெயிலில் தேடியவர்கள்.

ஒரு டார்ச் கட்டாயம் கொண்டுபோங்கள், பகலாக இருந்தாலும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தை. பத்து மீட்டரில் சிவப்பான ஒரு மீன் சாம்பலும் கறுப்புமாகத்தான் தெரியும். டார்ச்சை அடித்த கணத்தில் அந்தக் கறுத்த பொந்து முழுவதும் குங்குமமாக மாறும். பெரிய கண்ணுள்ள சிவப்பு மீன்கள் பகலெல்லாம் அங்கே கூட்டமாக உறங்கிக் காத்திருக்கும், இருட்டியதும் வெளியே வரும். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்காமல் ஓரத்தில் வைத்துப் பிடித்தால் அவை கலையாது.

ஒரு வெடிப்பின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. மூச்சு ஆறியதும் காதுக்கு ஒரு சத்தம் வரும், சட்டியில் பொரி வெடிப்பதுபோல. அது விரலளவுகூட இல்லாத ஒருவகை இறால்கள் செய்யும் வேலை. ஒரு கொடுக்கை அவை அவ்வளவு வேகமாக மூடுவதால் நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அந்த உடைவின் ஓசைதான் கேட்பது. நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் போவதால், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் காதால் பிரித்தறிய முடியாது. பாறை முழுவதும் பேசுவதுபோல் இருக்கும்.

பிறகு மீசைகள் தெரியும். வெள்ளை மீசை என்றால் உடலைச் சுத்தம் செய்யும் இறால், தடித்த நீண்ட மீசை என்றால் சிங்கிறால் (லொப்ஸ்டர்). அதற்குப் பின்னால் ஓர் அஞ்சாலை, பாம்புபோல நீண்ட மீன், வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் அது கடிக்க வருகிறது என்று பயப்படுவார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். அதன் வாய்க்குள்ளேயே அந்த இறால் நடந்து பல்லிடுக்கைத் துப்புரவாக்குவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் நான் அசையாமல் இருந்ததால் மட்டுமே கிடைத்த காட்சி. பொந்தின் வாசலில் உடைந்த சிப்பியும் நண்டோடும் குவிந்து கிடந்தால் உள்ளே பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) குடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் கண் உங்களை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்துக்கே உரிய காட்சி இன்னொன்று உண்டு. கற்களுக்கு நடுவே நேர்கோடு தேடுங்கள். இயற்கை இந்தப் பாறையில் நேர்கோடு போட்டது குறைவு. ஒரு விளிம்பு நேராக வந்து, செங்கோணத்தில் திரும்பினால், அல்லது ஒரு கல்லில் பட்டை பட்டையாக வரி இறங்கினால், அது தூண். நீங்கள் கோவிலுக்குள் இருக்கிறீர்கள்.

தேவாரப் பாடல் பெற்ற இந்தத் தலத்தின் பழைய கோவிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதியைக் கொண்டு மலைக்கழுத்தில் கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்ரிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையின் வாசல் கல்லில் பாண்டியரின் மீன் சின்னமும், "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் இருப்பது அதனால்தான். இன்னொரு பகுதி கடலுக்குள் போனது. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இலங்கைக் கடலில் சுழியோடித் திரிந்த காலத்தில், வில்சன் இந்த மலையடியில் இறங்கிச் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். அதே வில்சன் பின்னாளில் உலக வாழ்வை விட்டுச் சுவாமி சிவகல்கி என்ற துறவியானார். அந்தக் கற்கள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டு நீருக்குள் கிடந்த தூண்மேல் இன்று கடற்பஞ்சு படர்ந்திருக்கிறது. சிற்பி குடைந்த குழியில் ஒரு சின்னக் களவா மீன் குடியிருக்கிறது. எது கோவில், எது பாறை, எது உயிர் என்று பிரிக்கும் கோடு பல இடங்களில் அழிந்துவிட்டது. அதனால்தான், எழுத்து இருக்கிறதா என்று பார்க்கக் கல்லைச் சுரண்டுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சுரண்டினால் போவது ஒரு பாசி அல்ல, பல ஆண்டு வளர்ச்சி. எதையும் தொடாதீர்கள், புரட்டாதீர்கள், உள்ளங்கையளவு துண்டைக்கூட மேலே கொண்டுவராதீர்கள். தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கல் கிடக்கும் இடமும் கிடையும்தான், கோவில் எப்படி விழுந்தது என்று ஆய்வாளருக்குச் சொல்லக்கூடியவை.

ஆசைக்கு இவ்வளவு போதும். எட்டு டைவ் செய்தவருக்கு அங்கே என்ன சிரமம் வரும் என்பதைக் கதைப்போம்.

முதல் சிரமம் அலைத்தள்ளு. மேலே கடல் அமைதியாகத் தெரிந்தாலும், குன்றின் அடியில் மோதித் திரும்பும் நீர் உங்களை இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆட்டும். புதியவர்கள் எதிர்த்து நீந்துவார்கள், பாறையைப் பிடிப்பார்கள். இரண்டும் பிழை. தள்ளும்போது கூடப் போங்கள், இழுக்கும்போது சும்மா இருங்கள், மீண்டும் முன்னே வரும் தள்ளில் மெதுவாக ஒரு உதை. பாறையிலிருந்து ஒரு கை நீளமாவது எப்போதும் விலகி நில்லுங்கள். பாறையைப் பிடிக்கக் கூடாது என்பது உயிர்களுக்காக மட்டும் சொல்வதல்ல, உங்கள் கைக்காகவும்தான். கறுத்த நீண்ட முட்களோடு கடல் முள்ளெலிகள் வெடிப்புகளில் இருக்கும், முள் தோலுக்குள் ஒடிந்துவிடும். கல்மீன் கல்லாகவே தெரியும், அதன் முதுகு முள்ளில் கடும் நஞ்சு உண்டு. அழகாகச் செட்டை விரித்து நிற்கும் சிங்கமீனுக்கும் அப்படியே. மீன் முள் குத்திவிட்டால், குத்திய இடத்தைத் தோல் பொறுக்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸ் அளவான நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சூடு வலியைத் தணிக்கும். படகில் சுடுநீர் போத்தல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது மிதப்பு. வெடிப்பின் முன் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொன்னேன், அதைச் செய்ய மூச்சாலேயே ஏறி இறங்கத் தெரிய வேண்டும். உடலை அமிழ்த்தக் கட்டும் ஈயத்தைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு இறங்கினால் மிதப்பு ஜாக்கெட்டுக்குக் காற்று ஊட்டுவதும் எடுப்பதுமாகவே நேரம் போய்விடும். கூட்டாமலும் குறைக்காமலும் கட்ட வேண்டும். அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கனம், காற்று தீரத் தீர இலேசாகி மேலே இழுக்கும். கடைசியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டிய நேரத்தில்தான் அந்த இழுப்புத் தெரியவரும். உள்ளே இறங்கியதும் ஆழமற்ற மணல் பகுதியில் இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் தரும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள்.

மூன்றாவது ஆழத்தின் கவர்ச்சி. கற்கள் படிபோல இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு படியிலும் இன்னும் ஒரு படி தெரியும். உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாகும் காற்றின் இரு மடங்கு செலவாகும், 20 மீட்டரில் மூன்று மடங்கு. இந்த இடத்தில் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பகுதி 8இலிருந்து 15 மீட்டருக்குள்ளேயே கிடைக்கும். ஆழம் போய் நீங்கள் வாங்கப்போவது குறைந்த நேரம் மட்டும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ உங்கள் அனுபவ அளவில் இருந்தபோது, அங்கே ஓர் அழுங்காமையைக் கண்டேன். கிளி மூக்குப்போல வளைந்த வாயால் பாறையிலிருந்து கடற்பஞ்சைக் கடித்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் அதன் முக்கிய உணவு. கிட்டப் போகும் ஆசையில் துரத்தினேன். அது தின்பதை விட்டு வெளி நீருக்குள் திரும்பியது, நானும் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது துணைவர் இல்லை, பாறை இல்லை, காற்றின் அளவைக் காட்டும் கேஜில் 60 பார்தான், சிலிண்டர் தீர்ந்துவருகிறது. பதறாமல் மெதுவாக ஏறி மிதந்ததால் படகு வந்து எடுத்தது. என்னைவிட அந்த ஆமைக்குத்தான் பெரிய இடைஞ்சல் செய்தேன் என்று இப்போது புரிகிறது. ஆமை மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர். துரத்தினால் அதன் காற்றும் வீணாகும், சாப்பாடும் போகும். ஆமை தின்றுகொண்டிருந்தால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, அதன் பக்கவாட்டில் தங்கி நில்லுங்கள். பல தடவை அது தின்றுகொண்டே உங்கள் பக்கம் நகர்ந்து வரும்.

காலமும் காற்றும். கிழக்குக் கரையில் இறங்கும் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக் காலத்தில், வடகிழக்குக் காற்று வீசும்போது, இந்தக் குன்றின் கிட்டவே போக முடியாது, அலை நேரே வந்து மோதும். ஜூலை நல்ல மாதம்தான், ஆனால் அது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதம். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் நீர் தட்டையாகத் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே வந்து மிதப்பவரை அது வெளிக்கடல் பக்கம் தள்ளும். பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். அதனால்தான் காலையில் போங்கள் என்றேன், ஏழு மணிக்கெல்லாம் படகில் இருப்பது நல்லது. ஊதிப் பிடிக்கும் சிவப்பு மிதவைக் குழாய் ஒன்று உங்களிடமே இருக்கட்டும், வழிகாட்டியிடம் மட்டும் இருந்தால் போதாது. மழை பெய்து ஆற்று நீர் கலங்கி வந்திருந்தால் அன்று பார்வைத்தூரம் குறையும். அப்படியானால் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள்.

தனியாகவோ, வழியில் கண்ட மீன்பிடிப் படகிலோ போக நினைக்க வேண்டாம். மலைக்கழுத்துக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அனுமதியோடு இயங்கும் டைவ் நிலையத்தின் படகில், அந்த இடத்தை அறிந்த வழிகாட்டியோடு மட்டும் போங்கள். நிலையத்தைத் தெரிவு செய்யும்போது விலையைக் கேட்குமுன், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். எட்டுப் பேர் ஒரு வெடிப்பின் முன் நின்றால் யாரும் எதையும் பார்க்க முடியாது.

டைவுக்குப் பிந்தைய பயணத்தைப் பற்றி ஒரு சொல், இதை நம் ஊருக்கு வருபவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணித்தியாலம், அதற்கு மேல் என்றால் 18 மணித்தியாலமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது தெரிந்திருக்கும். மலைநாட்டுக்கும் அதே கணக்கு. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல். காலையில் திருகோணமலையில் டைவ், இரவுக்கு நுவரெலியாவில் படுக்கை என்று வாகனக்காரரிடம் பேசி வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். உடலில் கரைந்திருக்கும் நைதரசனுக்கு, ஏறுவது விமானமா வானா என்று தெரியாது.

புறாமலைத் தீவைக் குறைத்துச் சொல்லவில்லை. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இடம். 1998இல் கடல் சூடேறித் தெற்கு, மேற்குக் கரைகளின் பவளங்கள் பெருமளவு வெளுத்துச் செத்தபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. கருமுனைச் சுறாக்களை முழங்காலளவு நீரிலேயே காணலாம். ஆனால் அதன் அழகைப் பார்க்க சிலிண்டர் தேவையில்லை. காலை டைவ் முடித்து, சாப்பிட்டு, ஓய்வெடுத்து, உடம்பு இடங்கொடுத்தால் பின்னேரம் மாஸ்க்கும் குழலும் கொண்டு மேலே மிதந்து பார்த்துவரலாம். மூச்சடக்கி ஆழம் போக வேண்டாம். பவளத்தின்மேல் காலை ஊன்ற வேண்டாம், அங்கே பவளத்துக்கு வந்த சேதத்தில் மனிதர் காலுக்குப் பெரிய பங்கு உண்டு. வீக்கெண்டில் கூட்டம் நெரியும், கிழமை நாளில் போங்கள்.

அன்று காலை படகு மலையின் கீழே நிற்கும்போது மேலே கோவில் தெரியும், பூசை நேரமென்றால் மணியும் கேட்கும். தலை நீருக்குள் போனதும் அது நின்றுவிடும், காற்றில் வரும் ஒலி நீருக்குள் சரியாக நுழையாது. வழிகாட்டியிடம் முன்பே இதைச் சொல்லிவையுங்கள்: "முழுப் பாறையையும் சுற்றிக் காட்ட வேண்டாம். ஒரு கல்லும் ஒரு தூணும் போதும், ஆறுதலாகப் பார்க்கவேண்டும்." நல்ல வழிகாட்டி என்றால் அதைக் கேட்டதும் முகம் மலரும். தனக்குப் பிடித்த பொந்து எது என்று அவருக்குத் தெரியும், அங்கே கூட்டிப்போவார்.